48ஐ 40 ஆக்குவதற்கு முன், 208ஐ மாற்றி எழுத வேண்டும்

வார வேலைநேரத்தைச் சட்டம் போட்டுக் குறைக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், உடனே சென்னை ஐ.டி. வளாகத்துக்கோ, வேலைநேரக் குறைப்பைச் சோதித்துப் பார்த்த ஐஸ்லாந்துக்கோ போய்விடுகிறோம். கும்பகோணம் ஜவுளிக்கடை, திருவாரூர் அரிசி ஆலை, நாகைப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம், தஞ்சாவூர் ஹோட்டல் அடுப்படி எல்லாம் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வயலை விட்டால் காவிரி டெல்டாவில் சம்பள வேலை என்பது இந்த மாதிரி இடங்கள்தான். அதனால் இங்கிருந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைக்க வேண்டும். இப்போது சட்டத்தில் உள்ள வாரம் 48 மணி நேரம் 40 ஆக வேண்டும். அதுவும் சட்டத்தால்தான் ஆக வேண்டும். ஒரு கடைக்காரர் மட்டும் தாமாகக் குறைத்தால் எதிர்க்கடை அந்த வியாபாரத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் சட்டத்தில் 40 என்ற எண்ணை மட்டும் எழுதி நிறுத்தினால் டெல்டாவில் பலருக்குக் கூலிதான் குறையும். கூடவே 208 என்ற எண்ணையும் மாற்றியாக வேண்டும்.

208 எங்கிருந்து வருகிறது? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேரக் கூலி என்ன என்று பார்க்க, சம்பளத்தை 26ஆல் வகுக்கிறோம், வந்ததை 8ஆல் வகுக்கிறோம். 26 நாள், 8 மணி நேரம்: 208. வாரம் 48 மணி, வருஷத்துக்கு 52 வாரம் என்று பெருக்கி 12 மாதத்தால் வகுத்தாலும் அதே 208தான் வரும். வாரம் 40 மணி என்றால் இது 173.33 ஆக வேண்டும். மாதம் 15,600 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு இன்று மணிக்கு 75 ரூபாய். வகுக்கும் எண்ணை 173.33 ஆக்கினால் 90 ரூபாய். ஓவர்டைமுக்கு இரு மடங்கு என்பதால் 150 ரூபாய் 180 ஆகிறது. சட்டத்தில் 40 என்று எழுதிவிட்டு, சம்பளப் பதிவேட்டில் பழையபடி 26ஆலும் 8ஆலும் வகுத்துக்கொண்டிருந்தால், குறைத்த எட்டு மணி நேரத்தை ஓவர்டைமாக வாங்கும்போது ஒவ்வொரு மணிக்கும் 30 ரூபாய் தொழிலாளியிடமிருந்து நழுவும்.

நாள்கூலிக்காரரின் நிலை இன்னும் மோசம். நாளைக்கு 600 ரூபாய் என்றால் ஆறு நாளுக்கு 3,600. வாரம் ஐந்து நாள் என்று சட்டம் வந்தால் 3,000. அவரைப் பொறுத்தவரை அது வேலைநேரக் குறைப்பு ஆகாது, ஒரு நாள் வேலை போனதாகத்தான் ஆகும். நாள்கூலி 720 ஆனால்தான் பழைய 3,600 கைக்கு வரும். ஆக, எந்த ஆணையில் 48 மாறுகிறதோ அதே ஆணையில், அதே தேதியில், குறைந்தபட்சக் கூலி அட்டவணையில் உள்ள நாள்கூலியும் ஐந்தில் ஒரு பங்கு ஏற வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது. சிலி நாடு 2023இல் போட்ட சட்டம் 45 மணி நேரத்தை 2024இல் 44, 2026இல் 42, 2028இல் 40 என்று படிப்படியாக இறக்குகிறது. சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நமக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த மாதிரி அதுதான்.

வேலைநேரத்தைக் குறைத்தால் ஆள் கூடுதலாக எடுப்பார்களா, ஓவர்டைம் போட்டுச் சமாளிப்பார்களா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வகுக்கும் எண் சரியாக இருந்தால் விடை கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து பேர் வாரம் 48 மணி வேலை செய்தால் 240 மணி. அதே 240 மணியை ஆறு பேர் 40 மணி வீதம் செய்யலாம். இன்று ஐந்து பேருக்கு மாதம் 78,000. ஆறாவது ஆளை எடுத்தால் 93,600. ஆள் எடுக்காமல் ஐந்து பேருக்கும் வாரத்துக்கு எட்டு மணி ஓவர்டைம் கொடுத்தால் தலைக்கு 6,240 கூடி, மொத்தம் 1,09,200. ஆள் எடுப்பதுதான் மலிவு. பழைய 208ஆல் வகுத்தால் ஓவர்டைம் தலைக்கு 5,200 ஆகி மொத்தம் 1,04,000க்கு இறங்கும், வித்தியாசம் சுருங்கும். பதிவேட்டிலேயே ஏறாத ஓவர்டைம் என்றால் எல்லாக் கணக்கும் வீண்.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பத்தாவது ஆள் வந்தால் ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு), இருபதாவது ஆள் வந்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும். ஒன்பது பேரோடும் பத்தொன்பது பேரோடும் நின்றுகொள்ளும் கடைகள் எந்த ஊரிலும் உண்டு. வேலைநேரம் குறையும்போது அந்த வாசலைத் தாண்ட வேண்டிவருபவர், ஆளை எடுப்பதற்குப் பதில் எண்ணிக்கையை மறைப்பதுதான் நடக்கும். வேலைநேரக் குறைப்பால் புதிதாகச் சேரும் ஆட்களுக்கு முதல் இரண்டு வருஷம் முதலாளி பங்கை அரசு ஏற்றுக்கொண்டால் இந்தத் தயக்கம் தீரும் என்பது என் எண்ணம். சலுகையைக் கொடுப்பதென்றால் சும்மா கொடுக்காமல், புதுப் பெயரைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

48 என்ற எண் ஏதோ இயற்கையின் விதி என்பதுபோல் சிலர் பேசுவதால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1911 சட்டத்தில் துணி ஆலையில் வயதுவந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம். 1922இல் நாளைக்கு 11, வாரத்துக்கு 60. 1934இல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு வாரம் 54. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்த காலத்து முயற்சியில் 1946இல் 48. 35 வருஷத்தில் மூன்று முறை குறைந்த எண், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு முக்கால் நூற்றாண்டு நகரவே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோதும் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஆறு நாள், ஓவர்டைமுக்கு இரு மடங்கு என்ற சட்டகம் அப்படியே நிற்கிறது. ஓவர்டைம் பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பது சேர்ந்திருக்கிறது. நல்ல வரிதான், ஆனால் சம்மதம் இல்லை என்று கல்லாவுக்கு எதிரே நின்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நாள் குறைகிறது என்ற பெயரில் மணியைக் கூட்டும் வழியையும் இங்கேயே மூடிவிட வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர மசோதாவுக்கு, வாரம் நான்கு நாள் வேலை செய்தால் போதும் என்பதுதான் விளக்கமாகச் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் திரண்டு எதிர்க்க, மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. மணி குறையவே இல்லை. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொன்னது மணிக்கணக்கை வைத்துத்தான்.

இப்போது ஜவுளிக்கடைக்கு வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947: நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48, நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் ஒரு மணி நேர ஓய்வு, வந்ததிலிருந்து போவது வரை 12 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் டெல்டாக் கடைத்தெருவில் முதலில் மீறப்படுவது. காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கிறது. ஊழியர் ஒன்பதுக்கே வந்து கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கும். அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது: மடிப்பு. ஒரு கல்யாணக் கும்பல் வந்து உட்கார்ந்தால் அறுபது எழுபது புடவை பிரிபடும், எடுப்பது ஏழோ எட்டோ. மீதி அத்தனையும் முந்தி உள்ளே போய், பார்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, பழைய கோட்டிலேயே மடிந்து, அட்டையோடு கவரில் போக வேண்டும். கோடு மாறினால் பட்டில் ஜரிகை உடையும். ஒரு புடவைக்கு ஒன்றரை நிமிஷம் என்று வைத்தாலும் இருபது புடவைக்கு அரை மணி. இந்த அரை மணி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பத்து மணிக்கு வெளியே வந்தால் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

காலை 9 முதல் இரவு 10 வரை 13 மணி. சாப்பாட்டுக்கு ஒரு மணி, டீக்கு இரண்டு வேளையாக அரை மணி கழித்தால் பதினொன்றரை. ஆறு நாளுக்கு 69. சட்டத்தில் 48 இருக்கும்போதே நடப்பு 69. காகிதத்தில் அதை 40 ஆக்கினால் இடைவெளி 29 மணியாகும், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய ஷிப்ட் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் எல்லோரும் முதலில் போடும் ஷிப்ட் தப்பாகவே வரும். காலை 9 முதல் மாலை 6 வரை ஒரு குழு, மதியம் 1 முதல் இரவு 10 வரை ஒரு குழு என்று பிரித்தால், இரண்டு குழுவும் சேர்ந்து நிற்பது மதியம் 1 முதல் 6 வரை. வெயில் காயும் அந்த நேரத்தில் கடைத்தெருவில் ஈ ஆடாது. கூட்டம் வருவது 11 முதல் ஒன்றரை வரையும், மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரையும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஷிப்ட் எல்லாம் இந்த ஊருக்கு ஒத்துவராது என்று கைவிட்டுவிடுவார்கள். மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும்: 9 முதல் 6, 11 முதல் 8, 1 முதல் 10. காலைக் கூட்டத்துக்கு முதல் இரண்டு குழு, மாலைக் கூட்டத்துக்கு எட்டு மணி வரை கடைசி இரண்டு குழு. நடுக் குழு இரண்டு வேளையும் இருப்பதால் அனுபவசாலிகளை அங்கே வைக்க வேண்டும். மடிப்பை இரவுக்கு விடாமல், எல்லோரும் இருக்கும் மதிய நேரத்தில் ஒரு தடவை முடித்துவிட்டால் இரவு பாக்கி பாதியாகும்.

ஆள் கணக்கு இப்படி. கூட்ட நேரம் ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர், மற்ற ஏழு மணிக்கு ஆறு பேர் என்றால் நாளைக்கு 114 ஆள்மணி, ஆறு நாளுக்கு 684. இதை 48ஆல் வகுத்தால் பதினான்கு பேருக்குச் சற்று மேல், 40ஆல் வகுத்தால் பதினேழு பேருக்குச் சற்று மேல். இன்று பன்னிரண்டு பேரை 69 மணி நிறுத்தி வைத்து ஓடும் கடை, இருக்கிற சட்டத்தை மதித்தாலே பதினைந்து பேர் வேண்டும். புதுச் சட்டத்துக்கு இன்னும் இரண்டு மூன்று பேர். பெரிய தாவல் 69இலிருந்து 48க்கு வருவதுதான். 48இலிருந்து 40 அதைவிடச் சின்னப் படி. வார விடுமுறையை எந்த நாளில் சுழற்றுவது என்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான்: செவ்வாய்க்கிழமையும் அஷ்டமி நவமியும் முகூர்த்தப் பட்டு எடுக்க யாரும் வருவதில்லை. இரண்டாவது விடுமுறையை மார்கழியில் தாராளமாகவும் தை, ஆவணியில் இறுக்கியும் கொடுக்கலாம்.

அரிசி ஆலையில் கணக்கு வேறு மாதிரி. புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட்டுவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. ஊறல் தொட்டியில் நேரம் தாண்டினால் புளித்த வாடை ஏறும், அவியல் தாமதமானால் அரிசி நிறம் மாறும், டிரையரில் பாதியில் விட்டால் ஈரம் சீராக இறங்காமல் அரைக்கும்போது நொய் கூடும். ஆகவே பாய்லர் இராப்பகலாக எரிகிறது. ஒரு வாரத்தில் 168 மணி. 12 மணி வீதம் இரண்டு குழு என்றால் ஆளுக்கு 84 மணி, இது எந்தச் சட்டத்திலும் நிற்காது. மூன்று குழு என்றால் 56, இதுவும் மீறல்தான். 48ஐ மதிக்க மூன்றரைக் குழு வேண்டும், அரைக் குழு என்று ஒன்று இல்லை, ஆகவே நான்கு. நான்கு குழு வந்துவிட்டால் ஆளுக்குச் சராசரி 42 மணி. சட்டப்படி ஓடும் ஆலைக்கு 48இலிருந்து 42க்கு இறங்க ஒரு புது ஆள்கூடத் தேவையில்லை. 40க்கு இறங்க 4.2 குழு, அதாவது குழுவுக்கு ஒருவர் வீதம் மாற்றாள் இருந்தால் போதும். சட்டம் 44, 42, 40 என்று படி வைத்தால், 42இல் இரண்டு மூன்று வருஷம் நின்று போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆலையில் சிக்கல் கூலியால் மட்டும் வருவதில்லை. சான்று பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது. நான்கு குழுவுக்கு நான்கு அட்டெண்டன்ட், மாற்றாள் ஒருவர். இவர்கள் விளம்பரம் கொடுத்தவுடன் கிடைப்பவர்கள் இல்லை. பாய்லரோடு சில வருஷம் இருந்து தேர்வு எழுதி வர வேண்டும். டெல்டா ஐ.டி.ஐ.களில் படித்தவர்களை இப்போதே ஆலைகளில் பயிற்சிக்குச் சேர்த்தால்தான் சட்டம் வரும்போது ஆள் இருக்கும். இல்லாவிட்டால் ஒரே ஆள் பெயர் இரண்டு ஷிப்டிலும் எழுதப்படும். பாய்லர் முன்னால் தூங்கி வழியும் ஆளை நிறுத்துவது என்ன ஆபத்து என்பது பாய்லர் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஹோட்டலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே சிக்கல் பிளந்த ஷிப்ட். காலை 5 முதல் 11, மறுபடி மாலை 4 முதல் 10. வேலை 12 மணி, ஆனால் ஆள் 17 மணி கட்டிப்போடப்படுகிறார். நடுவில் உள்ள ஐந்து மணியில் வலங்கைமானிலிருந்து வருபவர் தஞ்சாவூரிலிருந்து வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது, மாடியில் பாய் விரித்துப் படுக்கிறார். இங்கே வார மணியைக் குறைப்பதோடு, நடுவில் விடும் நேரம் இரண்டு மணிக்கு மேல் போனால் அதில் பாதிக்கு வேலைநேரக் கூலி என்று விதி வந்தால்தான் ஷிப்ட் ஒழுங்காகும்.

சின்னக் கடைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நான்கு பேர் வைத்துப் பாத்திரக்கடை நடத்துபவருக்கு ஒரு ஆள் கூடுதல் என்பது கால்வாசிச் செலவு. அவருக்கு ஆன்லைன் விற்பனையும் போட்டி, திருச்சி பெரிய கடைகளும் போட்டி. தென்கொரியா 68 மணியை 52 ஆக இறக்கியபோது 300 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு 2018, 50 முதல் 299 வரை 2020, 5 முதல் 49 வரை 2021 என்று பிரித்துக்கொண்டது. பிரான்ஸ் 35 மணிச் சட்டத்தையும் இருபது பேருக்கு மேல் உள்ளவர்களுக்கு 2000, சிறியவர்களுக்கு 2002 என்றுதான் கொண்டுவந்தது. இங்கேயும் அப்படிப் பிரிக்கலாம். ஆனால் பிரிவின் கடைசித் தேதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆணை மூலம் தள்ளிப்போடும் அதிகாரத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு ஆணை வரும். 2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் செய்து பார்த்த நான்கு நாள் வாரச் சோதனையைக் காட்டி, உற்பத்தி குறையவில்லை என்று இங்கே வாதாட வேண்டாம். மேஜை வேலையில் கூட்டங்களைக் குறைத்து நேரம் மிச்சப்படுத்தலாம். கல்லாவில் நிற்பவருக்கும் டிரையர் பக்கம் நிற்பவருக்கும் அப்படி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. செலவு கூடும் என்று ஒப்புக்கொண்டே இதைக் கேட்க வேண்டும்.

வயல் வேலை இந்த வேலைநேரச் சட்டங்கள் எதற்குள்ளும் வராது. டெல்டாவில் வயலில் வேலைநேரத்துக்கு ஒரு எல்லை வந்ததே போராட்டத்தால்தான். பண்ணையாளுக்கு விடியுமுன் தொடங்கி இருட்டிய பின் முடியும் நாள்தான் இருந்தது. பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தலைமையில் நடந்த போராட்டங்களும், 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1968இல் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் 44 உயிர்கள் தீயில் போன பிறகு தஞ்சை மாவட்டத்துக்கென்று வந்த 1969 நியாயக் கூலிச் சட்டமும் படிப்படியாகக் கொடுத்த நிலத்தில்தான் இன்றைய கூலிப் பேச்சு நிற்கிறது. இன்று நடவு ஏக்கர் கணக்கில் குத்தகை, அறுவடை மெஷின் மணிக்கணக்கில் வாடகை. நடவுப் பெண்கள் காலை ஆறரைக்கு இறங்கி மதியம் ஒன்றரைக்குக் கரையேறுகிறார்கள். அவர்களுக்கு வாரம் 40 என்பதால் எதுவும் மாறப்போவதில்லை. ஏக்கர் கூலிதான் அவர்களுக்கு வேலைநேரச் சட்டம்.

இடையில் மாட்டிக்கொள்பவர்கள் கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்கும் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கு, மூட்டை 40 கிலோ. ஒரு நிலையத்தில் நாளைக்கு 800 மூட்டை என்றால் 32 டன். குவியலைத் தூற்றி, சாக்கில் பிடித்து, எடை போட்டு, தைத்து, அட்டி அடுக்கி, லாரி வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே மூட்டை இரண்டு மூன்று தடவை தோளுக்கு வருகிறது. பத்துப் பேர் குழுவில் ஆளுக்கு 3.2 டன், ஏற்றும் வேலையைச் சேர்த்தால் அதற்கு மேல். நேரம் குறைந்தால் மூட்டை குறையும், மூட்டை குறைந்தால் கூலி குறையும். ஆக மூட்டைக்கூலியும் நாள்கூலி போலவே ஐந்தில் ஒரு பங்கு ஏற வேண்டும். சம்பா வரத்து குவியும் தை, மாசியில் வாரம் 40 என்று நிறுத்தினால் நெல் சாலையில் கிடந்து மழையில் முளைக்கும், அதையும் யோசிக்க வேண்டும். அந்த மாதங்களுக்கு எட்டு வாரத்துக்கும் சேர்த்துச் சராசரி 40 வந்தால் போதும் என்று அனுமதிக்கலாம், எந்த வாரமும் 54ஐத் தாண்டக் கூடாது, சராசரிக்கு மேல் போனது ஓவர்டைம். எட்டு வாரத்துக்கு மேல் சராசரி நீண்டால் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது.

அதோடு ஒன்று. லாரி இயக்கம் தாமதமாகும் நாட்களில் இவர்கள் வேலை செய்யாமல் காத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகவும் முடியாது, மூட்டை தூக்காததால் கூலியும் கிடையாது. வேலைநேரம் குறைந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது, யாரும் எழுதிவைக்காத வரை. பதிவேட்டில் நான்கு பத்தி போதும்: குழு வந்த நேரம், முதல் மூட்டை எடைக்குப் போன நேரம், லாரி வந்த நேரம், குழு கிளம்பிய நேரம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கை சும்மா இருந்த மணிக்கு, குறைந்தபட்சக் கூலியில் மணிக்கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். வகுக்க வேண்டிய எண் 173.33.